40 மெஷினில் கேஏஎஸ்எல்ஆர் அணைந்தே கிடக்கிறது, எழுப்பலாமா வேண்டாமா?

ஆணைவரி | செவ்வாய், இரவு 9:50

எல்லோருக்கும் வணக்கம். வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம்தான் ஆகிறது. எனக்கு முன்னால் இருந்தவர் விட்டுப்போன 40 லினக்ஸ் சர்வர்கள் இப்போது என் தலையில். போன வாரம் பாதுகாப்புத் தணிக்கைக்கு வந்தவர் பூட் வரியைப் பார்த்துவிட்டு, "நோகேஏஎஸ்எல்ஆர் எதற்கு இருக்கிறது?" என்று கேட்டார். கெர்னலை (ஓஎஸ்ஸின் மையப் பகுதி) நினைவகத்தில் ஒவ்வொரு பூட்டிலும் இடம் மாற்றி வைக்கும் கேஏஎஸ்எல்ஆர் பாதுகாப்பை அணைக்கும் சொல் அது. ஏன் போட்டார்கள் என்று எனக்குப் பதில் தெரியவில்லை. அறிக்கையில் சிவப்பில் எழுதிவிட்டுப் போய்விட்டார்.

அப்புறம் நானே சோதித்துப் பார்த்தேன். இரண்டு மெஷினில் ரூட்டாக நுழைந்து கால்சிம்ஸ் கோப்பை (கெர்னல் ஃபங்ஷன்களின் முகவரிப் பட்டியல்) எடுத்து, தனியாக ஏற்றும் மாட்யூல்களின் வரிகளைக் கழித்துவிட்டு டிஃப் போட்டு ஒப்பிட்டேன். ஒரு எழுத்துகூட மாறவில்லை. 40 மெஷினிலும் கெர்னலின் ஒவ்வொரு ஃபங்ஷனும் ஒரே முகவரியில் உட்கார்ந்திருக்கிறது.

அந்தச் சொல்லை எடுத்துவிட்டு ரீபூட் செய்தால் முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் டீமில் இரண்டு பேர் வேண்டாம் என்கிறார்கள். ஒருவர், "கிராஷ் ஆனால் டம்ப் (விழுந்த நேரத்து நினைவகப் பதிவு) படிக்க முடியாது" என்கிறார். இன்னொருவர், "அது வெறும் 9 பிட், யாரை ஏமாற்றப் போகிறாய்?" என்கிறார். இரண்டில் எது உண்மை?

தூங்காநகர் | செவ்வாய், இரவு 10:31

தம்பி, அந்த 9 பிட் கணக்கு சரிதான். அதிலிருந்தே தொடங்குவோம்.

கெர்னலில் ஒரு பிழை தாக்குபவர் கையில் சிக்கினால், ஏதோ ஓர் இடத்துக்குத் தாவும்படி அவரால் கெர்னலைத் திருப்ப முடியும். எந்த இடத்துக்கு என்பதுதான் அவருடைய கவலை. உங்கள் மெஷினில் அந்தக் கவலையே இல்லை. அதே டிஸ்ட்ரோ (லினக்ஸ் வெளியீடு), அதே கெர்னல் பதிப்பைத் தன் வீட்டு லேப்டாப்பில் போட்டு முகவரிகளைக் குறித்துக்கொண்டு வந்தால் போதும்.

கேஏஎஸ்எல்ஆர் இருந்தால் ஒவ்வொரு பூட்டிலும் கெர்னல் வேறோர் இடத்தில் போய் உட்காரும். (இனி குலுக்கல் என்றே எழுதுகிறேன், விரல் வலிக்கிறது.) 64 பிட் இன்டெல், ஏஎம்டி மெஷின்களில் அதற்கு ஒதுக்கியிருப்பது 1 ஜிபி ஜன்னல். 2 எம்பிக்கு ஒரு படி. வகுத்தால் 512 இடம். கெர்னலே கொஞ்சம் இடத்தை அடைத்துக்கொள்வதால் அதிலும் சில குறையும். அதுதான் 9 பிட்.

பயனர் நிரல்களில் இருக்கும் குலுக்கலோடு ஒப்பிட்டால் இது சுண்டைக்காய். ஆனால் ஒரு வித்தியாசம். ஃபோர்க் செய்து (தன்னையே பிரதி எடுத்து) ஓடும் சர்வர் நிரலில் தவறாக ஊகித்தால் ஒரு குழந்தை புராசஸ் சாகும், அதே அமைப்போடு இன்னொன்று பிறக்கும். மறுபடி ஊகிக்கலாம். கெர்னலில் தவறாக ஊகித்தால் மெஷினே விழும். திரும்ப எழும்போது சீட்டு மறுபடி குலுக்கப்பட்டிருக்கும். 512 வீடுகள் உள்ள தெருவில் ஒரே ஒரு கதவைத்தான் தட்டலாம் என்றால், 512 சின்ன எண் இல்லை.

செலவும் பெரிதாக இல்லை. பூட் ஆகும்போது ஒருமுறை முகவரிகளைத் திருத்தி எழுதுவதோடு சரி, ஓடும்போது வேகம் குறையாது. 2014இல் 3.14 பதிப்பில் வந்தது, 2017இல் 4.12 முதல் தானாகவே இயங்குகிறது. ஆப்பிள் 2012லேயே செய்துவிட்டது. எடுத்துவிடுங்கள், யோசிக்க ஒன்றுமில்லை.

கொசுவலை | செவ்வாய், இரவு 11:47

> கெர்னலில் தவறாக ஊகித்தால் மெஷினே விழும்.

அண்ணே, எந்த மெஷின் விழும்? நிறைய டிஸ்ட்ரோக்களில் ஊப்ஸ் (கெர்னலுக்குள் பிழை) வந்தால் பேனிக் (மொத்த மெஷினும் நிற்பது) ஆகாது. அந்த புராசஸை மட்டும் கொன்றுவிட்டு கெர்னல் தன் வேலையைப் பார்க்கும். பகிர்ந்த தரவுக்கான பூட்டு (லாக்) ஒன்றைப் பிடித்துக்கொண்டே செத்தாலோ, இன்டரப்ட் நடுவில் செத்தாலோதான் சிக்கல். 6.2 பதிப்பில் ஊப்ஸுக்கு ஒரு வரம்பு வைத்தார்கள், 10,000 தடவை ஆனால் பேனிக். அது வேறு வகைத் தாக்குதலுக்காக வைத்தது என்பது தெரியும். ஆனால் கணக்கைப் பாருங்கள்: ஊகிக்க வேண்டியது 512, அனுமதி 10,000. உங்கள் தெருவில் எல்லாக் கதவையும் தட்டி, காபியும் குடித்துவிட்டு வரலாம். போதாக்குறைக்கு டிமெசெக் (கெர்னலின் செய்திப் பதிவு) எல்லோருக்கும் திறந்திருந்தால், ஊப்ஸ் அச்சடிக்கும் சிபியு ரெஜிஸ்டர் மதிப்புகளிலேயே முகவரி கிடைத்துவிடும்.

இவ்வளவு பாடுகூட வேண்டாம். மெஷினுக்குள் ஏற்கெனவே நுழைந்தவன் ஊகிக்க மாட்டான், அளப்பான். பிரிஃபெட்ச் என்று ஒரு சிபியு கட்டளை இருக்கிறது. கெர்னல் முகவரியைக் கொடுத்தாலும் அது பிழை எழுப்பாது, பேசாமல் திரும்பிவிடும். திரும்ப எடுத்துக்கொள்ளும் நேரம் மட்டும் மாறும். அங்கே உண்மையில் ஏதாவது இருந்தால் ஒரு நேரம், வெறும் இடமாக இருந்தால் வேறு நேரம். 512 இடத்தையும் வரிசையாக அளந்து, எது தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கிறது என்று பார்க்க வேண்டியதுதான். கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். நேரத்தை அளந்தே கண்டுபிடிக்கலாம் என்று 2013லேயே ஹுண்ட், வில்லம்ஸ், ஹோல்ஸ் மூவரும் காட்டிவிட்டார்கள். 2016இல் பிரிஃபெட்ச் வழியாக, இன்டெல் சிபியுவின் டிஎஸ்எக்ஸ் வசதி வழியாக, கிளை ஊகிப்பு பஃபர் வழியாக என்று அடுத்தடுத்து மூன்று. லினக்ஸில் இது வருவதற்கு முன்பே, 2013இல், ஜிஆர்செக்யூரிட்டி என்ற கெர்னல் பாதுகாப்புத் திட்டத்தின் ஆட்கள் இதை வெறும் சடங்கு என்று திட்டினார்கள். அவர்கள் எல்லாவற்றையும் திட்டுவார்கள் என்பது வேறு விஷயம்.

விண்டோஸில் இன்னும் வேடிக்கை. அளக்கக்கூட வேண்டாம், ஒரு சிஸ்டம் காலில் (நிரல் கெர்னலிடம் வேலை கேட்கும் அழைப்பு) கேட்டால் அதுவே கெர்னல் முகவரியைச் சொல்லிவிடும். விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு வரும்வரை சாதாரணப் பயனரின் புராசஸுக்கும் சொல்லிக்கொண்டுதான் இருந்தது.

மல்லிகைப்பந்தல் | புதன், காலை 6:58

கொசுவலை சொன்ன தகவல்கள் சரி, முடிவு பாதிதான் சரி. "மெஷினுக்குள் நுழைந்தவன்" என்று அவர் போகிற போக்கில் ஒரு நிபந்தனை வைத்துவிட்டார். எல்லாமே அதில்தான் நிற்கிறது. நெட்வொர்க் கார்டு டிரைவரில் ஒரு பிழை, வெளியிலிருந்து ஒரு பாக்கெட் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அனுப்பியவரால் உங்கள் சிபியுவில் பிரிஃபெட்ச் ஓட்டி நேரம் பார்க்க முடியாது. அவருக்கு 512 என்பது நிஜமாகவே 512. ஷெல் கணக்கு வைத்திருப்பவருக்கும் கன்டெய்னருக்குள் இருப்பவருக்கும் அது ஒன்றுமே இல்லை. ஆணைவரி, உங்கள் 40 மெஷினில் யார் யார் கோடு ஓட்டுகிறார்கள் என்பதை முதலில் சொல்லுங்கள்.

இதில் எனக்கு இன்னும் ஆச்சரியமாக இருப்பது கைசர் என்ற தடுப்பின் கதை. கொசுவலை சொன்ன நேர அளவைத் தாக்குதல்களை அடைக்கத்தான் 2017இல் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் அதைச் செய்தார்கள். பயனர் நிரல் ஓடும்போது கெர்னலை அதன் பக்க அட்டவணையிலிருந்தே (எந்த முகவரியில் என்ன இருக்கிறது என்ற வரைபடம்) கழற்றிவிடுவது. இருப்பதே தெரியாவிட்டால் எதை அளப்பது? ஆனால் செலவு கனம். ஒவ்வொரு சிஸ்டம் காலுக்கும் உள்ளே போகும்போது ஒருமுறை, வெளியே வரும்போது ஒருமுறை அட்டவணையை மாற்ற வேண்டும். குலுக்கலைக் காப்பாற்ற மட்டும் இவ்வளவு வேகத்தை யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள். 2018 ஜனவரியில் மெல்ட்டவுன் என்ற சிபியு ஓட்டை வெளிவந்தது. அதே கைசர்தான் கேபிடிஐ என்று பெயர் மாறி 4.15இல் இன்டெல் மெஷின்களில் எல்லாம் ஏறியது. 9 பிட்டைக் காக்கக் கட்டிய சுவர் வேறொரு வெள்ளத்தைத் தடுத்தது.

சரி, சுவர் கட்டியாகிவிட்டது, குலுக்கலாவது பத்திரமா என்றால் அதுவும் இல்லை. பயனர் பக்கத்திலிருந்து கெர்னலுக்குள் நுழைய ஒரு சின்ன வாசலை அட்டவணையில் விட்டே ஆகவேண்டும். அந்த வாசல் கெர்னல் தொடக்கத்திலிருந்து எப்போதும் ஒரே தூரத்தில் இருக்கும். 2022இல் வந்த என்ட்ரிபிளீட் தாக்குதல் அந்த வாசலைத்தான் அதே பிரிஃபெட்சை வைத்து அளக்கிறது. வாசல் தெரிந்தால் வீடு தெரியும்.

டம்ப் விஷயம்: உங்கள் டீம்காரர் பழைய காலத்தில் இருக்கிறார். எவ்வளவு தள்ளி ஏற்றப்பட்டது என்பதை டம்ப் எடுக்கும் கேடம்ப் தன் குறிப்பிலேயே எழுதி வைக்கிறது, டம்ப் படிக்கும் கிராஷ் கருவி அதைப் படித்துக்கொள்ளும். பேனிக் ஆனால் கன்சோலின் கடைசியில் "கெர்னல் ஆஃப்செட்" என்று ஒரு வரியும் வரும். ஊப்ஸில் ஃபங்ஷன் பெயரும் அதற்குள் எத்தனையாவது பைட் என்பதும் வந்துவிடுவதால் வெற்று முகவரியே தேவையில்லை. ஹைபர்நேஷனோடு ஒத்துப்போகாது என்பதும் பழைய கதை.

நிஜமாகத் தொல்லை வரும் இடம் வேறு. நான் டிரைவர் எழுதிப் பிழைப்பவள். மெய்நிகர் மெஷினில் ஜிடிபி டீபகர் மாட்டி பிரேக்பாயின்ட் (ஓட்டத்தை நிறுத்தும் குறி) வைத்தால், ஜிடிபி ஓர் இடத்தைப் பார்க்கும், கெர்னல் இன்னோர் இடத்தில் ஓடும். பிரேக்பாயின்ட் கடைசிவரை அடிக்காது. புதிதாகச் சேர்கிறவர்கள் அரை நாளை இதில் தொலைப்பதை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். அதற்காக என் சோதனை மெஷினில் நானும் அந்தச் சொல்லைப் போட்டுத்தான் வைத்திருக்கிறேன். உங்களுக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான் போட்டு மறந்திருப்பார்.

ஆணைவரி | புதன், காலை 9:20

நன்றி அக்கா. 40இல் 34 மெஷினில் எங்கள் நிரல்கள் மட்டும்தான் ஓடுகின்றன, வெளியார் யாருக்கும் கணக்கு இல்லை. மீதி 6 பில்ட் மெஷின். அவற்றில் டெவலப்பர்கள் எல்லோரும் நுழைவார்கள், எங்கிருந்தோ இறக்கிய பேக்கேஜ்களும் ஓடும்.

பழையபஞ்சு | புதன், மதியம் 1:15

லினக்ஸ்காரர்கள் எப்போதும் "எத்தனை பிட்" என்றே சண்டை போடுகிறீர்கள். எனக்கு இதில் பெரிய ஓட்டையாகத் தெரிவது, மொத்த வீட்டையும் அப்படியே தூக்கி வேறு இடத்தில் வைக்கிறீர்கள் என்பதுதான். சமையலறை எங்கே என்று தெரிந்தால் பூஜையறை எங்கே என்று சொல்லிவிடலாம். எங்காவது ஒரே ஒரு ஃபங்ஷன் பாயின்டர் (ஃபங்ஷனின் முகவரி) கசிந்தால் 9 பிட்டும் போச்சு, 90 பிட் வைத்திருந்தாலும் போச்சு.

ஓப்பன்பிஎஸ்டி என்ற ஓஎஸ்ஸில் 2017இல் அதன் நிறுவனர் தியோ டி ராட், கார்ல் என்று ஒன்றைக் கொண்டுவந்தார், 6.2 பதிப்பிலிருந்து இருக்கிறது. கெர்னல் ஏறும் இடம் மாறாது. ஆனால் கெர்னலின் ஆப்ஜெக்ட் கோப்புகளையெல்லாம் (கம்பைல் ஆன துண்டுகள்) சீட்டுக்கட்டு மாதிரி கலைத்து மறுபடி லிங்க் செய்துவிடும், அதாவது ஒன்றாகக் கோத்துவிடும். பூட் ஆன பிறகு பின்னணியில் இது நடக்கும், அடுத்த பூட்டுக்குப் புதுக் கெர்னல் தயார். உங்கள் கெர்னல் மாதிரி உலகத்தில் இன்னொன்று இல்லை. ஒரு பாயின்டர் கசிந்தால் அந்த ஒரு கோப்பின் அக்கம்பக்கம் தெரியும், அவ்வளவுதான்.

பெருமை பேசிவிட்டேன், வலியையும் சொல்கிறேன். வீட்டில் ரவுட்டராக ஒரு பழைய சின்னப் பெட்டி, மெமரி கார்டில் ஓடுகிறது. பூட் ஆனதும் முழுக் கெர்னலையும் லிங்க் செய்ய அது மூச்சு வாங்குவதைப் பார்த்தால் பாவமாக இருக்கும். அது பரவாயில்லை. ஒருநாள் ஒரு டிவைஸை அணைப்பதற்காகக் கெர்னல் கோப்பைக் கையால் திருத்தினேன். லிங்க் செய்யும் ஸ்கிரிப்ட் முதலில் ஹாஷைச் (கோப்பின் கைரேகை மாதிரி) சரிபார்க்கும், பொருந்தாவிட்டால் லாகில் எழுதிவிட்டு விலகிவிடும். அந்த லாகை யார் பார்க்கிறார்கள்? ஏழெட்டு மாதம் ஒரே கெர்னலோடுதான் ஓடியிருக்கிறேன். அதுவரை நண்பர்களிடம் கார்ல் புராணம் பாடிக்கொண்டிருந்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இன்னொன்றும் இடிக்கும். ஒவ்வொரு பூட்டுக்கும் கெர்னல் மாறினால் அதற்குக் கையெழுத்து போடுவது யார்? கையெழுத்து சரிபார்த்தே பூட் செய்யும் செக்யூர் பூட் கேட்பது தொழிற்சாலையில் கையெழுத்திட்ட மாறாத கோப்பை. இது கேட்பது மெஷினிலேயே பிறக்கும் புதுக் கோப்பை. இரண்டும் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்தாது.

தூங்காநகர் | புதன், மாலை 4:40

அதனால்தான் லினக்ஸில் வேறு வழியில் முயன்றார்கள். 2020இல் இன்டெலின் கிறிஸ்டன் கார்ல்சன் அக்கார்டி ஒரு பேட்ச் வரிசை (கெர்னலுக்கான திருத்தங்கள்) அனுப்பினார். கையெழுத்திட்ட கோப்பு அப்படியே இருக்கும், பூட் ஆகும் நேரத்தில் ஃபங்ஷன்களைத் தனித்தனியாகக் கலைத்துவிடும். பிறகு அலெக்சாண்டர் லோபாகின் எடுத்து நடத்தினார். இன்றுவரை மெயின்லைனில் (அதிகாரபூர்வ லினக்ஸ் கெர்னலில்) சேரவில்லை.

காரணங்கள் சின்னச் சின்னதாக நிறைய. கலைத்த பிறகு பெயர்ப் பட்டியலை மறுபடி வரிசைப்படுத்த வேண்டும், பூட் தாமதமாகும். கெர்னல் கோப்பு பெருக்கும். அடுத்தடுத்து அழைக்கப்படும் ஃபங்ஷன்கள் தூரதூரமாகப் போவதால் கேஷுக்கு வேலை கூடும். எனக்குப் பிடித்த சிக்கல் லைவ்பேட்ச். கெர்னலில் ஒரே பெயரில் பல ஸ்டேடிக் ஃபங்ஷன்கள் (தன் கோப்புக்குள் மட்டும் தெரிபவை) உண்டு. லைவ்பேட்ச் அவற்றை "இந்தப் பெயரில் இரண்டாவதாக வருவது" என்று வரிசை எண்ணை வைத்துத்தான் அடையாளம் காணும். வரிசையையே கலைத்துவிட்டால் இரண்டாவது எது? பாதுகாப்பு ஓட்டையை ரீபூட் இல்லாமல் அடைக்கும் வசதியையே இன்னொரு பாதுகாப்பு வசதி முறிக்கப் பார்த்தது.

பஃபர்மீன் | புதன், இரவு 8:05

எல்லோரும் குலுக்கல் நடக்கிறது என்று வைத்துக்கொண்டே பேசுகிறீர்கள். என் அனுபவம்: ஆர்ம் 64 பிட் போர்டு ஒன்றுக்கு லினக்ஸ் கட்டிக்கொடுத்தோம். கான்ஃபிகில் வசதி இயங்குகிறது, பூட் வரி சுத்தம், சரிபார்ப்புப் பட்டியலில் பச்சை டிக். எட்டு மாதம் கழித்து வேறு எதற்கோ டிமெசெக் படிக்கும்போது ஒரு வரி கண்ணில் பட்டது: விதை இல்லாததால் கேஏஎஸ்எல்ஆர் அணைக்கப்பட்டது. அங்கே விதை எண்ணை (குலுக்கலுக்கான தற்செயல் எண்), கெர்னலை ஏற்றும் பூட்லோடர், டிவைஸ் ட்ரீ (வன்பொருள் விவரப் பட்டியல்) வழியாகவோ யுஈஎஃப்ஐ (பூட் ஃபர்ம்வேர்) வழியாகவோ கொடுக்க வேண்டும். எங்கள் பூட்லோடர் கொடுக்கவே இல்லை. விற்ற அத்தனை பெட்டியும் ஒரே முகவரியில்.

விதை இருந்தாலும் ஓட்டை வேறு பக்கம் வரும். 2025 நவம்பரில் கூகுளின் பாதுகாப்பு ஆய்வுக் குழுவான புராஜெக்ட் ஜீரோ எழுதியதைப் பாருங்கள். பிக்சல் போன்களில் கெர்னல் முகவரி குலுக்கப்படுகிறது, ஆனால் பூட்லோடர் அதை ரேமில் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில்தான் இறக்குகிறது. மொத்த ரேமையும் நேராகக் காட்டும் வரைபடம் ஒன்று கெர்னலுக்கு உண்டு, ஆர்மில் அது குலுக்கப்படுவதில்லை. அந்த வழியாகப் போனால் கெர்னலின் டேட்டா எப்போதும் தெரிந்த முகவரியில். முன்வாசலில் ஏழு பூட்டு, கொல்லைப்புறம் திறந்து கிடக்கிறது. இன்டெல், ஏஎம்டி பக்கம் அந்த வரைபடத்தையும் 2016இல், 4.8 பதிப்பிலேயே குலுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

மெய்நிகர் மெஷின் ஓட்டுபவர்களுக்கும் ஒன்று. குலுக்கலைச் செய்வது கெர்னலைச் சுற்றியிருக்கும் சுருக்கம் விரிக்கும் கோடு. ஃபயர்கிராக்கர் மாதிரியான குட்டி விஎம்கள் வேகத்துக்காகச் சுருக்காத கெர்னலை நேரடியாக ஏற்றும்போது அந்தக் கோடு ஓடுவதே இல்லை. ஒரே ஸ்னாப்ஷாட்டிலிருந்து ஆயிரம் விஎம் எழுப்பினால், எழுப்பிய ஆயிரமும் ஒரே சீட்டு.

கொசுவலை | புதன், இரவு 9:30

அக்கா சொன்ன வெளியிலிருந்து வரும் பாக்கெட் கணக்கை ஏற்கிறேன். அந்த 34 மெஷினில் எடுத்துவிடுங்கள், செலவில்லாமல் கிடைப்பதை ஏன் விட வேண்டும்?

ஆனால் 6 பில்ட் மெஷினில் இதை எடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்காதீர்கள். அங்கே வேறு வேலை இருக்கிறது. டிமெசெக்கை ரூட்டுக்கு மட்டும் என்று ஆக்குங்கள். கெர்னல் முகவரிகளை மறைக்கும் கேபிடிஆர் ரெஸ்ட்ரிக்ட் அமைப்பை ஏற்றுங்கள். ஊப்ஸ் வந்தால் பேனிக் என்று மாற்றுங்கள். பில்ட் மெஷின் விழுந்தால் யாரும் சாகமாட்டார்கள், அப்போதுதான் தூங்காநகர் அண்ணன் சொன்ன "ஒரே கதவு" நியாயம் பொருந்தும். உங்கள் முக்கிய 34இல் இதைச் செய்யுமுன் இரண்டு தடவை யோசியுங்கள், ஏதோ ஒரு மூலை டிரைவரின் ஊப்ஸுக்காக சர்வீஸ் விழும்.

ஒவ்வொரு சிஸ்டம் காலுக்கும் ஸ்டாக்கைக் (ஃபங்ஷன்களின் தற்காலிகத் தரவு இருக்கும் இடம்) கொஞ்சம் தள்ளி வைக்கும் வசதி 5.13இல் வந்தது. பிட் சொற்பம்தான், ஆனால் ஒவ்வொரு அழைப்புக்கும் புதுச் சீட்டு. பூட்டுக்கு ஒருமுறை குலுக்கி மாதக்கணக்கில் அதையே வைத்திருப்பதைவிட எனக்கு இது மேல். ஸ்ட்ரக்ட் (தரவுக் கட்டமைப்பு) உறுப்புகளைக் கலைக்கும் ராண்ட்ஸ்ட்ரக்ட் பக்கம் போகாதீர்கள். வெளி மாட்யூல் கட்ட விதை வேண்டும் என்பதால் டிஸ்ட்ரோ அதைக் கெர்னல் ஹெடரோடு சேர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கும். சாவியைப் பூட்டிலேயே தொங்கவிட்ட கதை. சொந்தமாகக் கெர்னல் கட்டுபவர்களுக்குத்தான் அது.

ஆணைவரி | சனி, இரவு 11:12

முடித்துவிட்டேன், நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் 2 மெஷினில் மட்டும் எடுத்தேன். கால்சிம்ஸ் டிஃப் இப்போது வரிக்கு வரி மாறுகிறது. வேண்டுமென்றே ஒரு பேனிக் அடித்து டம்ப் எடுத்தேன், கிராஷ் கருவி ஒரு கேள்வியும் கேட்காமல் திறந்தது. அக்கா சொன்ன "கெர்னல் ஆஃப்செட்" வரியும் கன்சோலில் வந்தது, போட்டோ எடுத்து டீம் குழுவில் போட்டேன். ஆட்சேபித்தவர் கட்டைவிரல் காட்டிவிட்டார். சரி என்று மீதி எல்லாவற்றிலும் எடுத்தேன்.

மறுநாள் காலையில் மானிட்டரிங் திரையில் நெட்வொர்க் கார்டு கைவிட்ட பாக்கெட் எண்ணிக்கை 34 மெஷினிலும் கோடிக்கணக்கில். நெஞ்சு அடைத்துவிட்டது. பிங் சரி, சர்வீஸ் சரி, எண் மட்டும் பைத்தியம். தோண்டிப் பார்த்தால் ஒரு பெர்ல் ஸ்கிரிப்ட். முன்னவர் கெர்னலுக்குள்ளேயே சேர்த்துக் கட்டிய டிரைவரின் ஒரு கவுன்டரை, பிராக் கேகோரைத் (கெர்னல் நினைவகத்தைக் காட்டும் கோப்பு) திறந்து நேரடியாக முகவரியிலிருந்து படிக்கிறார். முகவரி ஸ்கிரிப்டிலேயே எழுதியிருக்கிறது. கெர்னல் பதிப்பு மாறினால் முகவரி மாறுமே என்று, பதிப்புக்கு ஒரு வரியாக 11 வரி அட்டவணை. கடைசி வரியை இரண்டு மாதம் முன்பு நானேதான் சேர்த்திருக்கிறேன். "கெர்னல் ஏற்றினால் இந்த எண்ணையும் மாற்றவும்" என்று ஒப்படைப்புக் குறிப்பில் இருந்தது, என்ன எண் என்று கேட்காமல் மாற்றியிருக்கிறேன்.

ஆக அந்த நோகேஏஎஸ்எல்ஆர் டீபகுக்காகப் போட்டதே இல்லை.

மல்லிகைப்பந்தல் | ஞாயிறு, காலை 7:25

அந்த கவுன்டர், நெட்வொர்க் கார்டு புள்ளிவிவரம் காட்டும் ஈத்டூல் கட்டளையில் வருகிறதா என்று பார்த்தீர்களா?

ஆணைவரி | ஞாயிறு, காலை 7:40

வருகிறது அக்கா. மேலிருந்து நாலாவது வரி.